ஒரே கூரை, வேறு மேசை
விசேட தேவைக் கல்வி பற்றிய மூன்று பிரதிகளும் எமது மௌனமும்

1

புகலிடச் சஞ்சிகைகளின் பக்கங்களில் நாம் விவாதிக்காத விடயம் குறைவு. தேசியம், சாதியம், பெண்ணியம், வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமை, தலித்தியம், பின்நவீனத்துவம் என்று பட்டியல் நீளும். பூக்கோவையும் நாம் விட்டுவைக்கவில்லை. பைத்தியம் என்ற வகைப்பாட்டை ஒரு சமூகம் எவ்வாறு உற்பத்தி செய்கிறது, அந்த வகைப்பாட்டுக்குள் மனிதர்களை எவ்வாறு அடைக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் எமது பிள்ளைகள் காலை எட்டரை மணிக்கு நுழைகின்ற கட்டிடத்தில் இதே வகைப்படுத்தல் நாளாந்தம் நடக்கிறது என்பதும், அந்த வகைப்பாட்டுக்குள் எமது பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதும் எமது விவாதங்களுக்குள் வந்து சேரவில்லை. கோட்பாடு பிரான்சிலிருந்து வந்தது. பிள்ளை வீட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எமக்கு நேரம் கிடைக்கவில்லை.

சாதாரண பாடசாலையில் விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தல் என்ற கருத்தை இங்கிலாந்தின் அனுபவத்தை வைத்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்காக மூன்று பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன். 1971 இல் பேர்னாட் கோர்ட் எழுதிய சிறுநூல், 1978 இல் வெளியான வார்னொக் அறிக்கை, அதே மேரி வார்னொக் 2005 இல் எழுதிய சிறு பிரசுரம் ஆகியவையே அவை. எனது வாசிப்பு நடுநிலையானதல்ல. இலண்டனில் பல ஆண்டுகளாகப் பாடசாலைக் கூட்டங்களில் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்திருப்பவன் நான். அந்த மேசையின் எந்தப் பக்கத்தில் அதிகாரம் இருக்கிறது என்பதைக் கண்டபின் நடுநிலை பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

2

1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து, 1945 இல் வந்த ஒழுங்குவிதிகள் ஊனமுற்ற பிள்ளைகளைப் பதினொரு வகையாகப் பிரித்தன. பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், வலிப்புள்ளோர் என்று செல்லும் அப்பட்டியலில் 'கல்வியில் இயல்புக்குக் கீழானோர்' என்றும் ஒரு வகை இருந்தது. இதற்கும் வெளியே, பாடசாலைக்கே தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைக் கல்வித் திணைக்களம் அல்ல, சுகாதாரத் திணைக்களமே பொறுப்பேற்றது. 1970 இன் சட்டம் நடைமுறைக்கு வந்த 1971 ஏப்ரலில்தான், கற்பிக்கவே முடியாத பிள்ளை என்று எவருமில்லை என்பதை இங்கிலாந்து சட்டரீதியாக ஏற்றுக்கொண்டது. மனித உரிமைகளை உலகுக்குப் போதித்த நாட்டில் இது நடந்த ஆண்டைக் கவனியுங்கள்.

அதே 1971 இல்தான் கோர்ட்டின் நூல் நியூ பீக்கன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. கிரனடாவிலிருந்து வந்து, இலண்டனில் இத்தகைய விசேட பாடசாலைகளில் கற்பித்தவர் அவர். மேற்கிந்தியப் பிள்ளைகள் தமது விகிதத்துக்கு மிக மேலாக இந்த 'இயல்புக்குக் கீழான' பாடசாலைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதை, கல்வி அதிகாரசபையின் உள்ளக அறிக்கையின் கணக்குகளைக் கொண்டே அவர் காட்டினார். நுண்ணறிவுச் சோதனை வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் மொழியையும் பண்பாட்டையும் அளவுகோலாகக் கொண்டது, ஆசிரியர் குறைவாக எதிர்பார்க்கும் பிள்ளை குறைவாகவே கற்கும், தன்னைப் பற்றிய தாழ்வான படிமத்தைப் பிள்ளை தானே உள்வாங்கிக்கொள்ளும் என்பவை அவரது வாதங்கள். நூலின் தலைப்பே பிள்ளை இயல்புக்குக் கீழானதாக 'ஆக்கப்படுகிறது' என்று சொல்லியது. குறை பிள்ளையின் மண்டைக்குள் இருக்கிறதா, பிள்ளையை அளப்பவனின் கையில் இருக்கிறதா என்ற கேள்வியை இவ்வளவு எளிமையாக முன்வைத்த பிரதிகள் சிலவே.

இந்நூலில் என்னை அதிகம் கவர்வது அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதுதான். கோர்ட் கல்வியாளர்களுக்கு எழுதவில்லை. பெற்றோருக்கு எழுதினார். பாடசாலைக்குப் போங்கள், கேளுங்கள், பிள்ளையை மாற்றுவதற்கு இலகுவில் சம்மதிக்காதீர்கள், உங்களுக்கென்று துணைப் பாடசாலைகளை அமையுங்கள் என்றார். கறுப்பின மக்களின் சனிக்கிழமைப் பாடசாலைகள் பல அந்த எழுச்சியோடு வளர்ந்தவை. 2020 இல் ஸ்ரீவ் மக்குயின் இயக்கிய 'எஜுக்கேசன்' என்ற திரைப்படம் அந்தக் காலத்தை மீண்டும் பேசியது.

கோர்ட்டின் பிற்காலத்தை இங்கு மறைத்துச் செல்ல முடியாது. அவர் நாடு திரும்பி, கிரனடாவின் புரட்சி அரசில் துணைப் பிரதமரானார். 1983 ஒக்ரோபரில் பிரதமர் மொறிஸ் பிஷப்பும் தோழர்களும் கொல்லப்பட்ட சம்பவத்தில் 1986 இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, 2009 வரை சிறையிலிருந்தார். விடுதலையின் பெயரால் தோழர்களைத் தின்ற இயக்கங்களின் வரலாற்றை நாம் அறியாதவர்களல்ல. எழுதியவரின் அரசியல் எங்கு சென்று முடிந்தது என்பதைக் காட்டி, பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதை நிராகரிப்பது இலகுவான வேலை. அந்த இலகுவை நான் தவிர்க்க விரும்புகிறேன். அந்த நூல் சரியாகச் சொன்னதை நூலாசிரியரின் வீழ்ச்சி பிழையாக்கிவிடாது.

3

வார்னொக் தலைமையிலான குழு 1973 இல் அறிவிக்கப்பட்டு 1978 இல் அறிக்கையை வெளியிட்டது. அதன் சாதனையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. பதினொரு வகைகளையும் கலைத்துவிடும்படி அது கேட்டது. ஊனத்தின் பெயரைச் சொல்லாதே, இப்பிள்ளைக்குக் கற்பதற்கு என்ன தேவை என்று கேள் என்றது. ஐந்தில் ஒரு பிள்ளைக்குத் தன் பாடசாலைக் காலத்தில் எப்போதாவது விசேட உதவி தேவைப்படலாம் என்று கணித்தது. அக்காலத்தில் விசேட பாடசாலைகளில் இருந்தவர்களோ நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான். அதாவது, 'அந்தப் பிள்ளைகள்' வேறெங்கோ இல்லை, ஏற்கெனவே உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள் என்று சாதாரண பாடசாலைக்கு அது சொன்னது. இன்று கணக்கெடுத்தால் அந்த ஊகம் ஆச்சரியப்படுமளவு நெருக்கமானது. 2025 சனவரியில் இங்கிலாந்தில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், விசேட கல்வித் தேவையுள்ளவராகப் பதியப்பட்டிருந்தனர்.

ஒருங்கிணைப்பை அறிக்கை மூன்று படியாகப் பிரித்தது. ஒரே வளவில் இருத்தல் முதற்படி. சாப்பாட்டிலும் விளையாட்டிலும் கலத்தல் இரண்டாவது. ஒரே வகுப்பில் ஒரே கற்றலில் பங்குபற்றல் மூன்றாவது. இந்தப் பிரிப்பு இன்றும் பயனுள்ளது. பாடசாலைகள் ஒருங்கிணைப்பு என்று பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி முதற்படியோடு நின்றுவிடுகிறது என்பதை அளந்து காட்ட உதவுகிறது.

ஆனால் அறிக்கை சட்டமானபோது என்ன நடந்தது? 1981 இன் கல்விச் சட்டம், பிள்ளை சாதாரண பாடசாலையில் கற்கவேண்டும் என்றது. கூடவே நிபந்தனைகளையும் வைத்தது. அப்பிள்ளைக்குத் தேவையான கல்வி கிடைக்கவேண்டும், மற்றப் பிள்ளைகளின் கல்வி பாதிக்கப்படக்கூடாது, வளங்கள் திறம்படப் பயன்படவேண்டும். உரிமை என்று ஒரு கையால் கொடுத்ததை, 'மற்றவர்கள்' என்றும் 'வளம்' என்றும் சொல்லி மறு கையால் திருப்பி எடுக்கும் வாசகங்கள் இவை. மேலதிகப் பணம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. 1988 இன் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தையும் போட்டியையும் கொண்டுவந்தது. 1992 முதல் பரீட்சைப் பெறுபேறுகளின்படி பாடசாலைகளின் தரவரிசைப் பட்டியல்கள் வெளியாகின. மெதுவாகக் கற்கும் பிள்ளை பட்டியலில் பாடசாலையைக் கீழே இழுக்கும் பிள்ளையானது. 1994 ஜூனில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் சலமன்காவில் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் உள்வாங்கும் பாடசாலை பற்றிப் பிரகடனம் செய்தபோது, இங்கிலாந்தின் பாடசாலை சந்தையாகிவிட்டிருந்தது. சந்தையில் எல்லோருக்கும் இடமுண்டு, விலை கொடுக்க முடிந்தால்.

வார்னொக் அறிக்கையின் அடிப்படைக் குறை இதைவிட ஆழமானது. உடல், உளக் குறைபாடுகளைப் பற்றி ஆராயவே குழு பணிக்கப்பட்டிருந்தது. சமூக வறுமையைக் காரணமாகக் கொள்ளத் தமக்கு இடம் தரப்படவில்லை என்பதைப் பின்னாளில் வார்னொக்கே சொல்லியிருக்கிறார். கோர்ட் எழுப்பிய கேள்விக்கும் அங்கு மைய இடம் கிடைக்கவில்லை. ஏழாண்டு இடைவெளியில் ஒரே நகரில் தோன்றிய இரு பிரதிகள். ஒன்று, யார் அளக்கிறான் என்று கேட்டது. மற்றது, எப்படி நன்றாக அளக்கலாம் என்று கேட்டது. அரசு எதை ஏற்றுக்கொண்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

4

2005 இல், எண்பது வயதைத் தாண்டிய வார்னொக், தான் தொடக்கிவைத்த கருத்தையே விமர்சித்து எழுதினார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை உள்வாங்கல் என்று எண்ணியது பிழை என்றும், எங்கு கற்றாலும் கற்றல் என்ற பொதுக் காரியத்தில் பங்குபற்றுவதே உண்மையான உள்வாங்கல் என்றும் வாதிட்டார். சில பிள்ளைகளுக்கு, சிறப்பாக ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு, பெரிய இடைநிலைப் பாடசாலை சித்திரவதையாக அமைகிறது, அவர்களுக்குச் சிறிய விசேட பாடசாலைகள் வேண்டும் என்றார்.

இதை இடதுசாரிகள் பலர் துரோகமாகப் பார்த்தனர். நான் அவ்வாறு பார்க்கவில்லை. இரண்டாயிரம் மாணவர்கள் மணியடித்ததும் ஒரே நடைபாதையில் மோதுகின்ற இடத்தில், சத்தத்தைத் தாங்கமுடியாத பிள்ளை காதைப் பொத்தியபடி சுவரோடு நிற்பதை உரிமையின் வெற்றி என்று கொண்டாட என்னால் முடியாது. ஆனால் வார்னொக் நோயைச் சரியாகக் கண்டு, காரணத்தைத் தவறவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. உள்வாங்கல் என்ற கொள்கை தோற்கவில்லை. அது ஒழுங்காகச் செய்து பார்க்கப்படவேயில்லை. நடைபாதையை மாற்றாமல், வகுப்பின் தொகையைக் குறைக்காமல், ஆசிரியரைப் பயிற்றாமல், பட்டியலைக் கைவிடாமல் பிள்ளையை மட்டும் உள்ளே விட்டால் அதற்குப் பெயர் உள்வாங்கல் அல்ல.

இதற்கு நல்ல சான்று உதவியாசிரியர் முறை. விசேட தேவையுள்ள பிள்ளையின் பக்கத்தில் ஒரு உதவியாளரை இருத்துவதே ஆதரவு என்று பாடசாலைகள் நினைக்கின்றன. பெற்றோரும் எத்தனை மணித்தியாலம் கிடைக்கும் என்றே கேட்கிறார்கள். இலண்டன் கல்வி நிறுவகத்தில் பீற்றர் பிளட்ச்போர்ட் தலைமையில் நடந்து 2009 இல் வெளியான பெரிய ஆய்வு வேறொன்றைச் சொன்னது. உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற பிள்ளைகள், அதேபோன்ற மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினர். இது உதவியாளர்களின் குற்றமல்ல. மிகக் குறைந்த சம்பளம் பெறும் அவர்களிடம், மிகக் கடினமான கற்பித்தலை ஆசிரியர் ஒப்படைத்துவிட்டு, மற்ற இருபத்தெட்டுப் பேரோடு பாடத்தைத் தொடர்கிறார். பிள்ளை வகுப்பின் மூலையில், தனி மேசையில், தனிப் பாடத்தில் இருக்கிறது. அன்றைய வேலைத்தாள் நிரம்பிவிடுகிறது. பிள்ளை கற்றதா என்று யாரும் கேட்பதில்லை. விசேட பாடசாலையின் மதில் இடிக்கப்பட்டு, அதன் கற்களால் வகுப்புக்குள்ளேயே ஒரு சிறு மதில் கட்டப்பட்டிருக்கிறது.

நல்ல ஆதரவு எப்படி இருக்கும்? நான் பார்த்த சில வகுப்புகளில் இருந்தது. ஆசிரியர் தாமே அப்பிள்ளையோடு முதலில் பேசுவார். அன்றைய நாளின் ஒழுங்கு படங்களாகச் சுவரில் இருக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உதவும். வரப்போகும் பாடத்தின் சொற்களை முதல்நாளே பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவார்கள். உதவியாளர் வகுப்பில் சுற்றிவருவார், ஒரு பிள்ளையோடு ஒட்டிக்கொண்டிருக்கமாட்டார். இவற்றில் எதுவும் அதிசயமில்லை. நேரமும் பயிற்சியும் மட்டுமே வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும்.

பணத்தைப் பற்றிய சட்டம் இப்படி இருக்கிறது. 2014 இன் சட்டம் பழைய கூற்றறிக்கைகளை நீக்கி, 25 வயது வரை செல்லக்கூடிய கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் என்ற ஆவணத்தைக் கொண்டுவந்தது. அதில் எழுதப்பட்ட கல்வி உதவியை உள்ளூராட்சி வழங்கியே ஆகவேண்டும். ஆனால் ஒரு பிள்ளைக்கான மேலதிகச் செலவில் முதல் 6,000 பவுணையும் பாடசாலை தன் நிதியிலிருந்தே காணவேண்டும். இந்தத் தொகை 2013 இலிருந்து பத்தாண்டுக்கு மேலாக மாற்றப்படவில்லை. திட்டம் 20 வாரத்துள் முடிக்கப்படவேண்டும் என்பது விதி. 2024 இல் பாதிக்கும் குறைவானவையே அந்தக் காலத்துள் முடிந்தன. மறுக்கப்பட்டால் நியாயசபைக்குப் போகலாம். விசாரணை வரை செல்லும் வழக்குகளில் மிகப் பெரும்பான்மை பெற்றோருக்குச் சாதகமாகவே முடிகிறது என்பது அரசின் கணக்கு. இதன் பொருள், ஆரம்பத்தில் மறுத்தது பெரும்பாலும் தவறு என்பதே. வாசிக்கவும், கடிதம் எழுதவும், காத்திருக்கவும் வல்ல பெற்றோரின் பிள்ளைக்கு உரிமை கிடைக்கிறது. இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலைசெய்துவிட்டுக் காலையில் கூட்டத்துக்கு வரும் தந்தையின் பிள்ளைக்குக் கிடைப்பது அனுதாபம்.

5

இனி மொழிக்கு வருகிறேன். பிள்ளையின் வீட்டுமொழி பாடசாலை மொழியிலிருந்து வேறுபடுகிறது என்பதால் மட்டும் அதற்குக் கற்றல் இடர்ப்பாடு உண்டு என்று கொள்ளக்கூடாது என்று 1981 இன் சட்டம் சொன்னது. 2014 இன் சட்டமும் அதையே சொல்கிறது. கோர்ட்டின் தலைமுறை போராடிப் பெற்ற பாதுகாப்பாக இதைக் கொள்ளலாம். அது இல்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவில் உதாரணங்கள் உண்டு. செக் நாட்டில் றோமாப் பிள்ளைகளை விசேட பாடசாலைகளுக்குத் தள்ளியது பாரபட்சம் என்று 2007 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜேர்மனியில், டொச் மொழி தெரியாத நிலையில் சோதிக்கப்பட்டு, மூளை வளர்ச்சி குன்றியோருக்கான பாடசாலையில் ஆண்டுக்கணக்காக வைக்கப்பட்ட ஒரு றோமா இளைஞருக்கு நட்டஈடு வழங்கவேண்டும் என்று 2018 இல் கேர்ள்ன் நீதிமன்றம் தீர்த்தது. ஜேர்மனியிலும் சுவிசிலும் வாழும் எம்மவர்கள் இத்தீர்ப்புகளைத் தமது பிள்ளைகளின் பாடசாலைக் கடிதங்களோடு சேர்த்து வாசிக்கவேண்டும்.

ஆனால் இங்கிலாந்தில் இந்தப் பாதுகாப்பு தலைகீழாகவும் இயங்குகிறது. பிள்ளை பேசவில்லையா? வீட்டில் தமிழ்தானே, பொறுத்திருங்கள், வந்துவிடும். இரண்டு வருடம் போகிறது. மூன்று வருடம் போகிறது. தமிழிலும் பிள்ளை பேசவில்லை என்பதைத் தாய் சொல்ல முயல்கிறாள். அந்த வார்த்தையைக் கேட்க அறையில் ஒருவருமில்லை. ஒக்ஸ்போர்ட்டில் ஸ்ரீவ் ஸ்ராண்டும் ஏரியல் லிண்டோர்வும் 2018 இல் வெளியிட்ட ஆய்வு, ஆசியப் பிள்ளைகள் ஓட்டிசம் என்று அடையாளம் காணப்படுவது வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் குறைவு என்று காட்டியது. கறுப்பினப் பிள்ளை அளவுக்கு மேல் அடையாளமிடப்பட்டதும், ஆசியப் பிள்ளை அளவுக்குக் கீழ் கவனிக்கப்படுவதும் ஒரே பார்வையின் இரு விளைவுகள். ஒருவன் குழப்பக்காரன், மற்றவன் அமைதியானவன். அமைதியாக இருக்கும் பிள்ளை யாருக்கும் தொந்தரவில்லை.

அடையாளம் கண்டபின் வேறொரு ஆபத்து வருகிறது. பிள்ளைக்குக் குழப்பமாக இருக்கும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற ஆலோசனையை நான் பல கூட்டங்களில் தமிழாக்கியிருக்கிறேன். இருமொழிச் சூழல் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சியைப் பாதிக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. ஆனால் ஆலோசனை தொடர்கிறது. பாதி ஆங்கிலம் தெரிந்த தாய், தன் பிள்ளையோடு பாதி வாயால் பேசத் தொடங்குகிறாள். கோபிக்க ஒரு மொழி, கொஞ்ச ஒரு மொழி இல்லாமல் போகிறது. பேசக் கடினப்படும் பிள்ளைக்குப் பேசும் ஆட்களின் தொகையைக் குறைப்பது எந்த வகை மருத்துவம்? அப்பம்மா அந்தப் பிள்ளையோடு எந்த மொழியில் இருப்பா?

6

எமது பக்கத்தையும் பார்க்கவேண்டும். 'கற்றல் இடர்ப்பாடு' என்று நான் தமிழில் சொன்னதும் பெற்றோரின் முகத்தில் வேறு சொற்கள் ஓடுவதைக் காண்கிறேன். மொக்கு. மந்தம். புத்தி குறைஞ்சது. எமது பேச்சுமொழியில் இதற்கு வசவுச் சொற்களே இருக்கின்றன. ஆகவே பெயரைச் சொல்லாமல் செயலைச் சொல்வதே எனது வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வேலை சொன்னால் பிள்ளை ஒன்றைத்தான் பிடிக்கிறது, மற்றதைப் படமாகக் காட்டினால் பிடிக்கும் என்று சொன்னால், தாய் உடனே 'ஓம் தம்பி, வீட்டிலயும் அப்பிடித்தான்' என்பா. உரையாடல் அங்கேதான் தொடங்குகிறது.

ஊரிலும் விசேட கல்வி இல்லாமலில்லை. கைதடி நவீல்ட் பாடசாலை போன்றவை பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஊனத்துக்குத் தந்த இரக்கத்தைக்கூட, புத்தி சம்பந்தப்பட்ட இடர்ப்பாட்டுக்கு எமது சமூகம் தரவில்லை. படிப்பே குலப்பெருமையாகவும் சீதனச் சந்தையில் விலையாகவும் இருந்த சமூகத்தில் படிக்க இயலாத பிள்ளை வெட்கம். அந்த வெட்கத்தைப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தோம். தங்கைக்குக் கலியாணம் நடக்கவேண்டும் என்பதற்காக அண்ணனின் ஓட்டிசம் மறைக்கப்படுகிறது. பதினொரு வயதுத் தெரிவுப் பரீட்சைக்கு ரியூசன் கொடுக்கும் வீடுகளின் வரவேற்பறையில் விருதுகள் இருக்கின்றன. மேல்மாடியில் ஒரு பிள்ளை இருக்கிறது.

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளை இங்கு கறுப்பினத்தவரின் துணைப் பாடசாலைகளோடு ஒப்பிடவேண்டும். அவை, அரச பாடசாலை கழித்துவிட்ட பிள்ளைகளை எடுத்துக்கொள்ளத் தோன்றின. எம்முடையவை, அரச பாடசாலையில் முன்னணியில் நிற்கும் பிள்ளையை மேடையில் ஏற்றத் தோன்றின. திருக்குறள் மனனப் போட்டி, பேச்சுப்போட்டி, பரிசளிப்பு. மனனம் செய்ய முடியாத பிள்ளைக்கு அங்கு என்ன வேலை? பல பெற்றோர் முதலாம் தவணையிலேயே பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். அரச பாடசாலை அப்பிள்ளையை மூலை மேசையில் இருத்துகிறது, நாம் மேசையே போடுவதில்லை. மற்றமை பற்றி எழுதும் எமது அறிவாளிகளும், தம் பிள்ளைகளை அதே மேடைக்குக் கூட்டிச் செல்பவர்களே. இதில் தேசியவாதிக்கும் தேசியவாத எதிர்ப்பாளனுக்கும் இடையில் வேறுபாட்டை நான் காணவில்லை.

7

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. உரிமைகளைச் சொல்லும் சட்டப் பகுதிகளை எளிய தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாம். தெரிதாவை மொழிபெயர்த்தவர்களுக்கு இது கடினமாக இராது. கூட்டத்துக்குத் தனியாகப் போகும் தாயோடு இன்னொருவர் போகலாம். ஆங்கிலம் மட்டும் பேசு என்ற ஆலோசனைக்கு ஆதாரத்தை எழுத்தில் கேட்கலாம். தமிழ்ப் பாடசாலைகள் போட்டியில்லாத ஒரு வகுப்பையாவது, பாட்டும் கதையும் படமும் கொண்டதாக, எந்தப் பிள்ளையும் வரலாம் என்ற அறிவித்தலோடு தொடங்கலாம். விசேட பாடசாலையா சாதாரண பாடசாலையா என்ற தெரிவு பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். அதைப் பெற்றோரும் இயன்றவரை பிள்ளையும் தீர்மானிக்கவேண்டும், நிதிப் பற்றாக்குறை தீர்மானிக்கக்கூடாது.

இக்கட்டுரையில் ஒரு குறை உண்டு என்று வாசகர்கள் சொல்லக்கூடும். இதில் அப்பிள்ளைகளின் குரல் இல்லை. உண்மைதான், அதை மொழிபெயர்ப்பாளன் இட்டு நிரப்பமுடியாது. முதல் தலைமுறைப் புகலிடப் பிள்ளைகளில் விசேட வகுப்புகளில் கற்றவர்கள் இன்று நாற்பதை அண்மித்த வயதினர். அவர்களில் எழுதக்கூடியவர்கள் எழுதட்டும், சொல்லக்கூடியவர்கள் சொல்லட்டும். தமிழில்தான் என்றில்லை, எந்த மொழியிலும். இவ்விவாதத்தை அவர்கள் எங்கு தொடங்கவேண்டும் என்று நினைக்கிறார்களோ, அங்கிருந்து தொடர்வோம்.